மூன்றாவது பெட்டி

ஆளில்லாத அறையில் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்பதைத் தசமம் கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பீரியடில்.

தசமம் என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. கணக்கு மிஸ் "சுமாரா சொல்லு, போதும்" என்று கெஞ்சினாலும், புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் சொல்லாமல் உட்கார மாட்டாள். அதனால் வகுப்பு வைத்த பெயர். அவளோடு ஒட்டிக்கொண்டே திரிகிறவள் ஈயம். ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற கோலும் கையுமாக இருப்பவள், சீருடைப் பாவாடையில் சூடு பட்ட ஓட்டை இல்லாத நாள் கிடையாது. இருவரும் பன்னிரண்டாம் வகுப்பு.

அந்த வெள்ளிக்கிழமை தொழில்நுட்பக் கழகத்திலிருந்து ஒரு பொறியாளர் வரவிருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கழகம் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒருவரோ இருவரோ கொண்ட ஒரே ஒரு குழுவை எடுத்துக்கொள்ளும். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தங்க இடம், எல்லாருக்கும் சாப்பாடு, இரண்டு வருஷப் பயிற்சி, பிறகு நேரே பொறியியல் படிப்பு. எடுபடாவிட்டால் தசமத்துக்கு வேறு வழி ஏற்கெனவே தயாராக இருந்தது. மாமாவின் செராக்ஸ் கடை. "நாற்காலி கூட வாங்கிட்டேன்டி, சுழலும்" என்று மாமா அவளிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் அவளுக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

அவர்கள் செய்திருந்தது எளிய கருவி. உள்ளங்கையளவு பெட்டி. உள்ளே ஒரு முனையில் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் விடும் ஒரு சின்ன விளக்கு, மறுமுனையில் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு கண். நாம் வெளியே விடும் மூச்சில் இருக்கும் கரியமில வாயு அந்த வெளிச்சத்தை விழுங்கும். வாயு அதிகமானால் கண்ணுக்கு வெளிச்சம் குறையும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்துப் பெட்டி ஓர் எண் சொல்லும். திறந்த வெளியில் அந்த எண் நானூற்று இருபது. அதாவது காற்றைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் நானூற்று இருபது பங்கு. நாற்பது பேர் அடைந்து கிடக்கும் வகுப்பில் அது ஆயிரத்தைந்நூறைத் தொடும். பெட்டிக்கு நேரே வாயை வைத்து ஊதினால் கோடு சுவர் மாதிரி எழுந்து நிற்கும். முதல் வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு.

பெட்டிகள் மூன்று. கூடுகள் போன வருஷக் கருவியுடையவை, உள்ளே இருப்பது இவர்கள் செய்தது. ஒன்று வகுப்பறையில். ஒன்று மொட்டை மாடித் தொட்டியின் நிழலில். மூன்றாவது, ஆய்வகத்தையும் வகுப்பறையையும் ஒட்டி நடுவில் இருக்கும் பூட்டிய சாமான் அறையில். ஆளே இல்லாத அறைக்கு ஏன் பெட்டி என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். தசமத்துக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. சுவர், பெயின்ட், பெட்டியின் சூடு, இதெல்லாமும் எண்ணைக் கொஞ்சம் ஆட்டும். காலி அறையில் எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்து, அதை வகுப்பறை எண்ணிலிருந்து கழித்தால், மிஞ்சுவது முழுக்க மனிதர்களால் வந்தது. மூன்று வாரமாக அப்படித்தான் கழித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே யாராவது போய் மூச்சு விட்டால் கணக்குக் கெட்டுப்போகும் என்று கதவில் ஒரு காகிதமும் ஒட்டினார்கள்: "கருவி அளக்கிறது. யாரும் உள்ளே வர வேண்டாம்." பெட்டிகள் பத்து நொடிக்கு ஒருமுறை ஆய்வகக் கணினிக்குத் தாமாகவே எண்களை அனுப்பிவிடும். அதனால் அவர்களும் உள்ளே போகவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளை இடறியது ஒரு சனிக்கிழமை. அன்று சிறப்பு வகுப்பு, பத்தொன்பது பேர்தான். ஆனால் கழித்து வந்த எண், நாற்பத்து மூன்று பேர் இருந்த திங்கட்கிழமையைவிட அதிகமாக இருந்தது. பாதிப் பேர் எப்படி இரண்டு மடங்கு மூச்சு விடுவார்கள்? அவள் கழித்த கணக்கை மூடிவிட்டு, மூன்று பெட்டிகளின் எண்களையும் தனித்தனிக் கோடாக வரைந்தாள்.

மாடிக் கோடு நேராக இருந்தது. வகுப்புக் கோடு மலை மாதிரி ஏறி இறங்கியது. மூன்றாவது கோடும் ஏறி இறங்கியது.

காலை ஒன்பது இருபதுக்கு ஏறத் தொடங்கி, மாலை மூன்று நாற்பதுக்கு இறங்கத் தொடங்கியது. திங்கள் முதல் வெள்ளி வரை. சனி, ஞாயிறு விடுமுறை. மதிய மணிக்கு வகுப்புக் கோடு இறங்கியபோதும் இந்தக் கோடு இறங்கவில்லை. உள்ளே இருந்தது எதுவாக இருந்தாலும், சாப்பிட வெளியே போகவில்லை.

"எலி" என்றாள் ஈயம்.

எலி மணி பார்த்து வேலைக்கு வராது என்றாள் தசமம். வகுப்பறைக் காற்று கசிகிறதோ என்று பார்த்தார்கள். போன புதன்கிழமை வகுப்பே மைதானத்தில் இருந்த ஒரு மணி நேரத்திலும் கோடு ஏறித்தான் இருந்தது. ஆய்வக அடுப்பு வாயுவோ என்றால், அது எரிந்தால்தானே கரியமிலம் வரும். அந்தக் குழாய் போன மாதமே அடைக்கப்பட்டது. பெட்டி பழுதோ என்றால், பழுதான பெட்டி சனிக்கிழமை மட்டும் குணமாகாது.

பிறகு அவள் கணக்குப் போட்டாள். அறை நாலு மீட்டர், மூன்று மீட்டர், உயரம் மூன்று. முப்பத்தாறாயிரம் லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் மணிக்குப் பதினைந்து லிட்டர் கரியமிலம் விடுவார். கதவிடுக்கு வழியாக எவ்வளவு கசிகிறது என்பதை, மாலையில் கோடு இறங்கும் வேகமே சொல்லிவிடும். எல்லாம் சேர்த்தால், ஓர் ஆள் இருந்தால் முதல் மணி நேரத்தில் முந்நூற்று இருபத்தெட்டு ஏற வேண்டும். ஏறியிருந்தது முந்நூற்று முப்பத்தொன்று.

"ஒண்ணு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஒன்பது ஆள்" என்றாள்.

"ஒரு ஆள் சரி. அந்தப் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஒன்பது யாரு, அவங்க வீட்டுப் பூனையா?" என்று ஈயம் கேட்டாள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும், பூட்டிய கதவைப் பார்க்காமல் இருக்க இருவரும் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சாவி ஆய்வக உதவியாளரிடம் இருந்தது. எல்லாரும் அவரை லேப் அண்ணன் என்பார்கள். அரைஞாண் கயிற்றில் சாவியை முடிந்து வைத்திருப்பவர். நீங்கள் காகிதம் ஒட்டிய நாளிலிருந்து தான் அந்தப் பக்கமே போகவில்லை என்று அவர் சொன்னார். பின்பக்கம் இரும்புப் படிக்கட்டுக்கு ஒரு கதவு உண்டு, அதுவும் எப்போதும் பூட்டித்தான் கிடக்கும், முன்னால் பீரோ வேறு. உள்ளே எப்போதாவது நாற்காலி முனகும், வெயிலில் மரம் காய்கிற சத்தம், என்று போகிற போக்கில் சொன்னார். திறந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கணக்குக் கெட்டுப்போகும் என்று அவர்களும் திறக்கச் சொல்லவில்லை.

பிசிக்ஸ் மிஸ் கோட்டை ஒரு நிமிஷம் பார்த்தார். கருவி கோளாறு என்று முடிவு கட்டினார். அவருக்கு நாலு வகுப்பு, நூற்றைம்பது நோட்டு. கெட்ட மனசுக்காரர் இல்லை. "இரவு நேரத்து எண்களோட சராசரியை எடுத்து மூணாவது பெட்டியோட பகல் எண் இருக்கிற கட்டத்துல போட்டுடுங்க" என்றார். "ஒரு கோடு கோணலா இருந்தா வர்றவங்க கண்ணு அதுலயே நின்னுடும். போன வருஷமும் இப்படித்தான் ஒரு பெட்டி மக்கர் பண்ணிச்சு. சரி பண்ணித்தான் கொடுத்தோம். அந்தப் பொண்ணு இன்னிக்கு எங்க இருக்கா பாரு."

அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்பது பள்ளிக்கே தெரியும். நுழைவாயிலில் மாட்டியிருக்கும் பெரிய படத்தில் இருந்தாள். கையில் அதே மாதிரி ஒரு பெட்டி, கட்டைவிரலில் ஒரு கட்டு, உதட்டில் சிரிப்பு. கீழே "கழகத்துக்குத் தேர்வு" என்று எழுதியிருக்கும். ஃபோட்டோ அக்கா என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

எண்ணை மாற்ற ஈயத்துக்குச் சம்மதம். மாற்றுவது அரை நிமிஷ வேலை. "நீ செராக்ஸ் கடைக்குப் போனா நான் தனியா யார் கூட சண்டை போடுறது?" என்று கேட்டாள். தசமம் அன்று இரண்டு முறை அந்தக் கட்டங்களின் மேல் சுட்டியைக் கொண்டுபோனாள், இரண்டு முறையும் எடுத்துவிட்டாள்.

புதன்கிழமை மதியம் ஆய்வகத்தில் அவள் மட்டும் இருந்தாள். திரையில் மூன்றாவது கோடு ஆயிரத்து நூற்றெண்பதில் நின்றது. வெளியே பிள்ளைகளின் இரைச்சல். கதவுக்குப் பின்னால் எதுவும் இல்லை, சத்தம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினாள்: "யாராவது இருந்தால் பெட்டியில் ஒரு தடவை ஊதவும்." கதவுக்கு அடியில் தள்ளினாள். பாதி உள்ளே போய் நின்றது. தன்னையே கேலி செய்துகொண்டு அவள் கணினிக்கு வந்து உட்கார்ந்தாள்.

காற்று பெட்டிக்குள் நுழைந்து, கண் அதைப் பார்த்து, எண் வந்து சேர அரை நிமிஷமாவது ஆகும். அவள் அந்த அரை நிமிஷத்தை எண்ணினாள்.

ஆயிரத்து நூற்றெண்பது. ஆயிரத்து நூற்றெண்பத்தொன்று. அடுத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.

கோடு சுவராக எழுந்து நின்றது. அவள் கதவைத் திரும்பிப் பார்த்தபோது, பாதி வெளியே இருந்த காகிதம் முழுவதும் உள்ளே போயிருந்தது.

ஓடிவிட வேண்டும் என்றுதான் அவள் எழுந்தாள். கால் கதவுப் பக்கம் போயிற்று. தரையில் முட்டி போட்டு, இடுக்கில் வாய் வைத்து, யார் என்று கேட்டாள். பதில் மேலிருந்து வரவில்லை, அதே தரையளவில் வந்தது. அந்தப் பக்கமும் யாரோ முட்டி போட்டுக் குனிந்திருந்தார்கள்.

"அந்த எண்ணைத் திருத்தாதே" என்றது குரல்.

இரண்டு நாளாக இங்கே பேசியதெல்லாம் கதவின் அந்தப் பக்கமும் கேட்டிருக்கிறது. யார் என்று தசமம் மறுபடி கேட்டாள்.

"வகுப்புல இருக்கிற பெட்டியோட மூடியைப் பாரு. மூலையில ஒரு கீறல் இருக்கும். அறுக்கும்போது ரம்பம் வழுக்கிடுச்சு. என் கட்டைவிரல்லயும் அதே கீறல்தான்."

தசமத்துக்குப் படத்திலிருந்த கட்டைவிரல் கட்டு நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் கீறலைப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஃபோட்டோ அக்கா துண்டு துண்டாகச் சொன்னாள். கழகத்தில் முதல் மாதம் அவளுடைய பள்ளிக் கணக்கையே கையில் கொடுத்து, திருத்தாத எண்கள் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றாளாம். அவர்கள் திட்டவில்லை. "திரும்ப அளந்துட்டு வா, அவ்வளவுதான்னாங்க. திட்டியிருந்தா இருந்திருப்பேன்." மறுநாள் போகவில்லை. அதன்பின் போகவே இல்லை. வீட்டில் இன்னும் கழகத்துக்குப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பஸ் நிலையம், நூலகம், பூங்கா என்று பகலைக் கழித்துவிட்டு, ஒருநாள், போன வருஷம் வாங்கித் தன்னிடமே தங்கிப்போன பின்கதவுச் சாவியைத் திருப்பித் தர வந்திருக்கிறாள். பஸ் நிலையக் கழிப்பறையில் பழைய சீருடையை மாட்டிக்கொண்டால் காவலாளி நிறுத்த மாட்டார், அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, பாவாடை நிறத்தைத்தான் பார்ப்பார். பின்கதவைத் திறந்து, பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் ஒருக்களித்து நுழைந்து, முன்கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தால் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்த இவர்கள் இருவரின் செருப்பு. யாரும் உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஒட்டினார்களாம். அந்த ஊரிலேயே யாரும் வராத அறை அது ஒன்றுதான். அதை உண்டாக்கியது இவர்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் பாடம் எல்லாம் கேட்கும் என்றாள். "போன வாரத் தேர்வுல மூணாவது கணக்கை நீங்க எல்லாரும் தப்பாத்தான் போட்டிருப்பீங்க. எனக்கும் ரெண்டாவது தடவைதான் வந்துச்சு." அந்தத் தேர்வு நேரத்தில் வகுப்புக் கோடும் மூன்றாவது கோடும் ஒன்றாகச் செங்குத்தாக ஏறியிருந்தது தசமத்துக்குத் தெரியும். பதற்றத்தில் மூச்சு அதிகம் போகும். அவள் அதைக் காரணம் தெரியாத ஒற்றுமை என்று நோட்டில் குறித்து வைத்திருந்தாள்.

"பெட்டி உள்ள இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல அக்கா. நீங்க செஞ்ச பெட்டி. பிடுங்கிப் போட்டிருக்கலாமே."

உள்ளே காகிதத்தை மடிக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு நிமிஷம் ஆகாது" என்றாள். "போடல."

பிறகு, வெள்ளிக்கிழமை வர மாட்டேன், கோடு நேராக இருக்கும், யாரிடமும் சொல்லாதே என்றாள். வராமல் எங்கே போவீர்கள் என்று தசமம் கேட்டாள். மணி அடித்தது. பிள்ளைகள் படியேறி வந்தார்கள்.

வியாழக்கிழமை மூன்றாவது கோடு ஏறவே இல்லை. ஒன்பது இருபது, பத்து, பதினொன்று. நானூற்று இருபத்தொன்றிலேயே கிடந்தது. ஈயம் மேசையைத் தட்டினாள், பேயே மனசு மாறிடுச்சு பாரு என்றாள். தசமத்துக்கு ஏறுகிற கோட்டைவிட ஏறாத கோடுதான் அதிகப் பயமாக இருந்தது. ஏறினால் ஓர் ஆள் எங்கே இருக்கிறாள் என்று தெரியும். ஏறாத கோடு அவள் எங்கேயெல்லாம் இருக்கலாம் என்று யோசிக்க வைத்தது. பூங்கா. ரயில் பாதை. மொட்டை மாடி. மாடிப் பெட்டியின் எண்ணைக் கூட ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

மதியம் அவளால் முடியவில்லை. ஈயத்தையும் இழுத்துக்கொண்டு போய் பிசிக்ஸ் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மிஸ் நம்பாத முகத்தோடு தன் கைப்பேசியில் அந்தப் பெண்ணின் வீட்டு எண்ணைத் தேடினார். எடுத்தது அம்மா. குரல் வெளியேயும் கேட்டது. நல்லா இருக்கா மிஸ், எட்டு மணிக்கே கிளம்பிட்டா, ரொம்ப வேலை குடுக்குறாங்களாம், மெலிஞ்சு போயிட்டா, உங்களாலதான் எல்லாம் என்று அந்த அம்மா பூரித்துப் பேசினார். மாலை வந்ததும் அவளிடம் பேச வேண்டும், வந்தவுடன் எனக்குச் சொல்லுங்கள் என்று மட்டும் மிஸ் சொன்னார். வைத்த பிறகும் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஆறு மணிக்குச் செய்தி வந்தது: வந்துவிட்டாள், தலைவலி என்று படுத்துவிட்டாள். சராசரி போடுவதைப் பற்றி மிஸ் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த பொறியாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. சட்டைப்பையில் மூன்று பேனா, அதில் ஒன்று ஸ்க்ரூ டிரைவர். திரையில் மூன்று வாரக் கோடுகளும் திருத்தாமல் இருந்தன. மிஸ் சொன்னது போலவே அவர் கண் கோணலான கோட்டில் போய் நின்றது.

"காலி அறைன்னு எழுதியிருக்கீங்க."

"நாங்க அப்படி நெனச்சோம் மேடம்" என்றாள் தசமம். "பூட்டியிருந்துச்சு, அதனால காலின்னு எடுத்துக்கிட்டோம். யாரும் பார்க்கல. அதைக் கழிச்சதால மத்த எண்ணும் எல்லாம் தப்பு. மூணு வாரமும்."

ஈயம் கண்ணை மூடிக்கொண்டாள்.

எத்தனை பேர் உள்ளே என்று பொறியாளர் கேட்டார். தசமம் சொன்னாள், மூன்று இலக்கத்தோடு. அவர் சிரிக்கவில்லை. அறையின் அளவு, கசிவு, ஓர் ஆளுக்கு எத்தனை லிட்டர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தன் நோட்டில் தானே போட்டுப் பார்த்தார். பிறகு பேனாவால் திரையின் வலது ஓரத்தைத் தொட்டார். நானூற்று இருபத்தொன்று.

"இப்போ அந்த ஆள் எங்க?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் எண் இல்லை. சுவர்க் கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. நானூற்று இருபத்தொன்று. நானூற்று இருபது. நானூற்று இருபத்தொன்று.

நானூற்று இருபத்தாறு.

லேப் அண்ணன்தான் முதலில் பார்த்தார். அவர் கை தானாக அரைஞாண் கயிற்றுக்குப் போனது. நானூற்று முப்பத்தெட்டு என்றது திரை. பிறகு கோடு எழுந்து நின்றது, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். அது சரிந்து முடிவதற்குள் இன்னொன்று. இன்னொன்று. மூன்று சுவர். பூட்டிய கதவுக்குப் பின்னால் நாற்காலி முனகியது, வெயிலில் மரம் காய்கிற மாதிரி இல்லை.

தசமம் போய்க் கதவுக்கு முன்னால் முட்டி போட்டாள். "அக்கா, திருத்தாத எண் எல்லாம் இங்க இருக்கு" என்றாள் இடுக்கில். "நீங்க வந்த நாள் எல்லாம் இருக்கு."

லேப் அண்ணன் கதவைத் திறந்தார். வெளிச்சம் உள்ளே விழுந்தது. உடைந்த அளவுகோல்கள், சுருட்டிய வரைபடங்கள், பீரோவின் முதுகு. நடுவில் ஒரு நாற்காலியில் ஃபோட்டோ அக்கா உட்கார்ந்திருந்தாள், தொளதொளத்துப்போன சீருடையில், மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு. படத்தில் இருந்ததைவிட முகம் பாதியாகியிருந்தது. பெட்டியின் பச்சை விளக்கு அவள் தாடையில் பட்டு மின்னி மின்னி அணைந்தது. பார்த்தவர்களுக்கு ஒரு கணம் நுழைவாயில் படமே கழன்று வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"எவ்வளவு காட்டுச்சு?" என்று கேட்டாள், யாரையும் பார்க்காமல்.

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம், ரெண்டாயிரத்து எழுநூத்தி நாப்பது, மூவாயிரத்து அம்பத்தி ரெண்டு" என்றாள் தசமம்.

பொறியாளர் வாசலில் நின்று அந்தப் பெண்ணை வெகுநேரம் பார்த்தார். அடையாளம் தெரிந்தது அவர் முகத்தில் தெரிந்தது. "திரும்ப அளந்துட்டு வான்னுதான் சொன்னேன்" என்றார் மெதுவாக. "நீ வரலன்னதும் நான் வந்து கேட்டிருக்கணும். பேரை அடிச்சுட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்." பிசிக்ஸ் மிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து, அந்தச் சராசரியைப் போடச் சொன்னது தான்தான் என்று சொன்னார். உள்ளே போய் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

போகும்போது பொறியாளர் படிவத்தில் என்ன எழுதினார் என்று யாருக்கும் காட்டவில்லை. திங்கட்கிழமை மூன்று பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு கழகத்துக்கு வரச் சொன்னார். இரண்டு பேருக்கு மூன்று பெட்டி எதற்கு என்று ஈயம் கேட்டாள். "எண்ணிப் பாரு" என்றார் அவர்.

மிஸ் ஃபோட்டோ அக்காவை அவள் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் கலைந்தார்கள். தசமம் கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு, பெட்டியை நாற்காலியில் வைத்து, ஆய்வகத்துக்கு வந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த கதவு வழியாகக் காற்று போய்வர, எண் ஆறுநூறாயிற்று, ஐந்நூறாயிற்று. நானூற்று இருபத்தொன்றில் வந்து நின்றதும் அவள் எழுந்தாள். சாமான் அறைக்குள் போய், பீரோவுக்குப் பின்னால், மேசைக்கு அடியில், பின்கதவுக்கு வெளியே இரும்புப் படிக்கட்டில், ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

திரும்பி வந்து நோட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினாள்: ஆள் இல்லை. போய்ப் பார்த்தது.